அமைதி கருதி நீக்கம்

சேலத்தில் நடந்த உங்கள் கலைக்களஞ்சியக் கூடுகைக்கு என்னால் வர முடியவில்லை. மூட்டு வலி. ஆனாலும் விடாமல் ஃபோன் போட்டு, "நிர்வாகியா இருந்து ரிட்டயர் ஆனவங்க நீங்க, புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். ரிட்டயர் என்று சொன்னது உங்கள் பெருந்தன்மை. நானாகக் கழன்றுகொண்டேன். கழன்றிருக்காவிட்டால் கழற்றியிருப்பார்கள்.

சான்று எப்படிப் போடுவது, படம் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் நம் கலைக்களஞ்சியத்தின் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். நான் எழுதப் போவது அந்தப் பக்கங்களில் இல்லாத ஒன்று. ஒரு கல்யாணப் பேச்சு என்னால் எப்படிக் கவிழப் பார்த்தது என்ற கதை. அதில் வரும் இருவரும் தாராளமாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் மானம் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்.

மேட்டூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடிவந்தவள் நான். பகல் பொழுது போகவில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கேள்விப்பட்டு உள்ளே நுழைந்தேன். பயனர் பெயர் கேட்டது. அன்றைக்கு வீட்டில் பாகற்காய்ப் பொரியல். 'பாகற்காய்' என்றே கொடுத்தேன். பின்னாளில் என்னைத் திட்டியவர்களுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண். நேரில் பார்த்ததே இல்லை. அவள் பயனர் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: வாழப்பாடி, கல்லூரி, பூனை இரண்டு. என்னை நிர்வாகியாக்கலாம் என்று முன்மொழிந்தவளும் அவள்தான். நிர்வாகி என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. சண்டை நடக்கும் பக்கத்தைப் பூட்டலாம், பூட்டைத் திறக்கலாம், இரண்டுக்கும் ஏச்சு வாங்கலாம். பொறுப்பேற்ற அன்று அவள் ஒரு செய்தி அனுப்பினாள்: "ஒரு பக்கத்தைப் பூட்டியதும் உங்களுக்கு நிம்மதியாக இருந்தால், திறந்து இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்." சின்னப் பெண் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை நடந்த கட்டுரை ஒரு தூர தேசத்துக் கட்டாய உழைப்பு முகாமைப் பற்றியது. உலகப் போர் முடிந்தபின் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த நாடுகளில் ஒன்று. எந்த நாடு என்று எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலைக்குள் உங்களில் பாதிப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். ஆட்சிக்கு ஆகாதவர்கள் என்று பிடித்துக்கொண்டு போனவர்களை அங்கே அடைத்து, வேலை வாங்கி, பட்டினி போட்டுக் கொன்றார்கள். சுட்டும் கொன்றார்கள். பின்னாளில் ஆவணங்கள் வெளிவந்தன, தப்பிப் பிழைத்தவர்கள் பேசினார்கள், ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். சான்றுக்குப் பஞ்சமே இல்லாத விஷயம் அது.

அதில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெயர் 'செவ்வானம்'. இன்னொருவர் 'உண்மைவிளம்பி'.

செவ்வானத்தின் கைவண்ணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கொல்லப்பட்டனர்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. முதல் வாரம் அது "உயிரிழந்தனர்" ஆயிற்று. அடுத்த வாரம் "உயிரிழந்ததாகச் சிலர் கூறுகின்றனர்". அப்புறம் "எதிர் முகாம் நாடுகள் கூறுகின்றன". கடைசியில், "அவ்வாண்டு குளிர் சற்றுக் கடுமையாக இருந்தது" என்று வந்து நின்றது. அதற்குச் சான்று, முகாமை நடத்திய அதே அரசாங்கத்தின் அச்சகம் போட்ட புத்தகம்.

உண்மைவிளம்பி சளைத்தவர் இல்லை. அவர் கையில் "பலர்" என்பது "எண்ணற்றோர்" ஆகி, பிறகு "அந்நாட்டு மக்கள் அனைவரும்" ஆயிற்று. அனைவரும் இறந்திருந்தால் இப்போது அங்கே இருப்பவர்கள் யார் என்று கட்டுரையை ஒட்டிய உரையாடல் பக்கத்தில் கேட்டேன். கட்டுரையின் நடுவே, "நம்மூரிலும் சங்கம் வைத்தால் இதுதான் நடக்கும்" என்று ஒரு வரி. சான்று கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்த படம். அதை நீக்கினால், "என் மச்சான் நேரில் போய்ப் பார்த்தவர்" என்று வந்தது. அந்த மச்சான் போனது மலேசியாவுக்கு என்று பிற்பாடு தெரிந்தது.

இந்த இடத்தில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வானம் யார் என்று எனக்குத் தெரியும். என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ராமலிங்கம். தொழிற்சங்கச் செயலாளர். எனக்குப் பதவி உயர்வு தராமல் இழுத்தடித்தபோது கேட் முன்னால் தனியாளாக உட்கார்ந்தவர். சின்ன வயதில் அந்த நாட்டுப் புத்தகங்கள் வேனில் வந்து சல்லிசாக விற்றனவாம். வழவழப்பான தாள், கலர் படம், பனியில் சறுக்கும் குழந்தைகள். அதைப் படித்து வளர்ந்தவர். அப்படிப்பட்ட படத்தைப் போட்டவர்கள் ஆளைக் கொல்வார்கள் என்று அவரால் நம்ப முடியவில்லை. பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் அவரே என்னிடம், "நாந்தானுங்க செவ்வானம், ஒரு கிறுக்கங்கிட்டயும் ஒரு பாகற்காய்கிட்டயும் மாட்டிட்டு முழிக்கிறேன்" என்று சொன்னார். அந்தப் பாகற்காய் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது நம் விதி. அது அடுத்தவரைக் காப்பதற்கான விதி. நான் என்னைக் காத்துக்கொள்ள அதைப் பிடித்துக்கொண்டேன். நண்பர் சம்பந்தப்பட்ட பக்கத்தை வேறு நிர்வாகியிடம் கொடுத்துவிட்டு நான் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

இந்த அமளியின் நடுவே வாழப்பாடிப் பெண் சத்தமில்லாமல் ஒரு பத்தி எழுதினாள். தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து, வரிக்கு வரி சான்றோடு. எந்தெந்த ஊர்க்காரர்களைப் பிடித்துப் போனார்கள், அவர்கள் என்ன தொழில் செய்தவர்கள், எப்படிச் செத்தார்கள், எங்கே புதைத்தார்கள். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை.

அந்த மாதப் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் ராமலிங்கம் மசால் வடையைத் தொடவில்லை. "மனசே சரியில்லீங்கக்கா, ஒரு பத்தி எழுதியிருக்காங்க, தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். இன்னொரு பக்கம் உண்மைவிளம்பி அதே பத்தியின் கீழே அடைப்புக்குறிக்குள் வசைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைவலி. வீட்டுக்கு வந்தேன், பத்தியை மொத்தமாக எடுத்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் "அமைதி கருதி நீக்கம்" என்று போட்டேன். அதற்குப் பதிலாக நடுநிலையான ஒரு வாக்கியத்தை நானே இயற்றினேன்: "இம்முகாமில் பலர் இறந்தனர் என்றும் இறக்கவில்லை என்றும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன." பக்கத்தை மூன்று மாதம் பூட்டினேன். அன்று மத்தியானம் சுகமாகத் தூங்கினேன்.

வாழப்பாடிப் பெண் என் பேச்சுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: "நிம்மதியாக இருக்கிறதா?" அதன்பிறகு அவள் பெயரில் ஒரு திருத்தமும் வரவில்லை.

மூன்று மாதம் ஓடியது. ராமலிங்கத்தின் மகள் தான்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. தான்யா கால்நடை மருத்துவர், நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளைப் பார்ப்பவள். ஒரு பண்ணையில் கோழிகள் நோயில் விழுந்தபோது வைத்தியம் பார்க்கப் போய், பண்ணைக்காரப் பையனோடு பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டிலும் சொல்லி, ஜாதகமும் சேர்ந்து, எல்லாம் கைகூடி இருந்தது. பாக்கி இருந்தது உப்புச் சர்க்கரை மட்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. அதற்கு முன்னால் என்ன பேசியிருந்தாலும் அது வெறும் பேச்சுதான்.

முந்தின நாள் தான்யா எனக்கு ஃபோன் செய்தாள். "பெரீம்மா, அப்பா வாயினால ரெண்டு எடம் தட்டிப்போச்சு, தெரியுமில்ல? மொத எடத்துல மாப்ளயோட தாத்தாகிட்ட நெலச் சீர்திருத்தம் பேசினாரு. இது எனக்குப் புடிச்ச எடம். நீங்க அப்பா பக்கத்துலயே உக்காந்துக்கோங்க." கடைசி வரியை இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண் எதற்கும் கலங்குபவள் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் சாமி என்று வாக்குக் கொடுத்தேன்.

காலையில் மேட்டூரில் ராமலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையனின் அப்பா பொன்னுசாமி திருச்செங்கோட்டுக்காரர். போர் போடும் ரிக் வண்டி மூன்று வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை, வாய் நிறைய சிரிப்பு. நல்ல மனுஷர் என்று பார்த்ததும் தெரிந்தது. வந்தவர்கள் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதில் தொடங்கினார்கள். எனக்கு நிம்மதி. தண்ணீரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாலும் இந்தப் பக்கம் சண்டை வராது.

"எங்கூட்டுக் கெணறு எந்தக் கோடையிலும் வத்துனதில்லீங்க" என்றார் ராமலிங்கம்.

"அட, எத்தன அடியில நிக்குதுன்னு சொல்லுங்க, அப்பறம் நம்பறேன்" என்றார் பொன்னுசாமி.

என் கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றுவிட்டது. உண்மைவிளம்பி உரையாடல் பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு செய்தியின் கடைசி வரி அது. 'உங்கள் ஆதாரம் எத்தனை அடியில் நிற்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் நம்புகிறேன்.'

ரிக் வண்டிக்காரர் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போது மணி பத்து அடித்தது. பொன்னுசாமி சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். இந்தப் பக்கம் ராமலிங்கமும் எடுத்தார். இனி மனதைத் தேற்றிக்கொள்ள வழியில்லை. மூன்று மாதப் பூட்டு அன்று காலை பத்து மணிக்குத்தான் கழன்றது. பூட்டும்போது காலண்டரைப் பார்க்காதது என் கெட்டிக்காரத்தனம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் பொன்னுசாமி. "ஒரு கெரகம் புடிச்சவங்கூட ரெண்டு வருசமா மல்லுக்கட்டிட்டு இருக்கேனுங்க. இன்னைக்கு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு முடிச்சரோணும்."

ராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அட, எனக்கும் ஒருத்தன் இருக்கறானுங்க! அறிவுங்கறது மருந்துக்கும் கெடையாது."

"நம்ம கேஸும் அதேதானுங்க! எதச் சொன்னாலும் அப்பிடியெல்லாம் நடக்கவே இல்லைம்பான்."

"நம்மாளு எதச் சொன்னாலும் ஒண்ண நூறாக்கிப்போடுவான்."

"அதுல நடுவுல ஒரு பாகற்காய்னு…"

"குளவி!" என்று கத்தினேன். எல்லாரும் எழுந்து வேட்டியை உதறினார்கள். பையனின் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குளவி கிடைக்கவில்லை. உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அந்த நாட்டின் பெயர் ராமலிங்கத்தின் வாய்க்கு வந்தபோது என் காப்பியை அவர் மடியில் கொட்டினேன். பொன்னுசாமியின் வாய்க்கு வந்தபோது, "மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரங்க?" என்று நாலாவது தடவையாகக் கேட்டேன். என்னைப் பார்த்து அந்த அத்தை பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பொண்ணு வீட்டு ஆள் இப்படியா நடந்துகொள்வது என்று தான்யாவின் அம்மா கண்ணாலேயே கேட்டார்.

எதைப் பற்றிய சண்டை என்று சொல்லிக்கொள்ளாமலே இருவரும் உயிர்த் தோழர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தன் கஷ்டத்தைக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர்கள். வீட்டில் யாரும் காதுகொடுத்ததில்லை. இப்போது ஒரே அலைவரிசையில் ஒரு சம்பந்தி.

"நான் ஒரு வாக்கியம் போடப் போறேனுங்க. அவன் எடுத்துருவான். என்ன பண்ணலாம்?" என்று கேட்டார் ராமலிங்கம்.

"கடைசியில 'என்று ஆய்வாளர் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்'னு சேத்துப்போடுங்க. எந்த ஆய்வாளர்னு கேக்கறதுக்குள்ள அவனுக்கு மூச்சு வாங்கிரும்" என்று ரகசியம் சொல்லிக்கொடுத்தார் பொன்னுசாமி.

"அருமைங்க சம்பந்தி!" ராமலிங்கம் தட்டினார், பதிவேற்றினார். "போட்டாச்சு!"

அதே நொடியில் பொன்னுசாமியும் தன்னுடையதை அழுத்தினார். அவர் ஃபோனில் ஒரு அறிவிப்பு வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத் திருத்தினால் பிந்தியவருக்கு வருமே, தொகுத்தல் முரண்பாடு என்று, அதுதான். முந்தியவர் என்ன எழுதினார் என்பதையும் அது பக்கத்திலேயே காட்டும்.

"பாருங்க சம்பந்தி, இந்த நேரத்துலயும் உக்காந்து மாத்தறான் பாருங்க! வேல வெட்டி இல்லாதவன்!" என்று ஃபோனை ராமலிங்கத்தின் முகத்துக்கு நேராக நீட்டினார். நீட்டியவர் தானும் படித்தார். 'என்று ஆய்வாளர் பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.'

ஒருவர் ஃபோனை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்கதான் செவ்வானமாங்க?"

"நீங்கதான் உண்மைவிளம்பியா?"

அப்புறம் நடந்ததை நான் முழுக்க எழுதப் போவதில்லை. இரண்டு வருஷத்து வசை எல்லாம் தேதி வாரியாக வெளியே வந்தது. "என்னைய அறிவிலின்னு எழுதுனீங்களே!" "நீங்க என்னைய சம்பளத்துக்கு எழுதறவன்னீங்களே, நெட்டு ரீசார்ஜே எங்காசுலதானுங்க போடறேன்!" வேடிக்கை என்னவென்றால், அந்த ஆவேசத்திலும் இருவரும் ஒருவருக்கொருவர் 'ங்க'வை விடவில்லை. பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் ஆட்களிடம், "வண்டிய எடுங்க" என்றார். தட்டில் உப்பும் சர்க்கரையும் அப்படியே இருந்தன. நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம். மாப்பிள்ளைப் பையன் கையில் கேசரிக் கிண்ணத்தோடு எழுந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டுச் சேலையோடு தான்யா உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பொன்னுசாமியின் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். நின்றபடியே கட்டுரையை மேலிருந்து கீழே வரை படித்தாள். கிளம்பிய வண்டியைக்கூட யாரோ அணைத்தார்கள்.

"மாமா, நான் கோழிக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றவ" என்றாள். "ஒரு ஷெட்டுல கோழி செத்துப்போச்சுன்னா மொத வரியில எத்தன செத்துச்சு, எப்பிடிச் செத்துச்சுன்னு எழுதோணுங்க. ஓனரு யாரு, தீவனம் யாருதுங்கறதெல்லாம் அப்பறம். இத நாலு பக்கம் படிச்சுப்போட்டேன். இதுல நீங்க ரெண்டு பேருந்தான் இருக்கறீங்க. செத்தவங்க ஒருத்தரையும் காணோம்."

பொன்னுசாமி துண்டின் நுனியைத் திருகினார்.

"முந்தி இருந்துச்சு கண்ணு" என்றார் பொன்னுசாமி மெதுவாக. "ஒரு பத்தி. ஊரு பேரோட, ஆளுக என்ன தொழில் பண்ணுனாங்கங்கறதோட. அந்தப் பாகற்காய் எடுத்துப்போடுச்சு."

"ஆமா" என்றார் ராமலிங்கம். "அத எடுக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல. எனக்குத் தூக்கம் வரலதான். ஆனா அது பொய்யின்னு நான் எங்கயும் எழுதல. அத அழிக்கக் கை வரலீங்க."

எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் யாருக்காக எடுத்தேனோ அவரே அதைத் தொடத் துணியவில்லை. இரண்டு வெறியர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் நியாயவாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குறைத்து எழுதினார், ஒருவர் கூட்டி எழுதினார். செத்தவர்களை மொத்தமாகத் துடைத்தவள் நான்தான்.

"நான்தாங்க பாகற்காய்" என்றேன்.

இரண்டு தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

"அக்கா, நீங்களா!"

"இந்த அம்மாவா? குளவின்னு கத்துனவங்களா?"

அடுத்த பத்து நிமிஷம் அவர்கள் என்னைத் திட்டியதைப் போல ஒற்றுமையான ஒரு காரியத்தை நான் பார்த்ததில்லை. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்தார். "இறந்தனர் என்றும் இறக்கவில்லை என்றும்னு எழுதுனது நீங்கதானுங்களா? சாவுல என்னங்க ரெண்டு கருத்து?" என்று பொன்னுசாமி கேட்டார். "அதானே!" என்றார் ராமலிங்கம். எனக்காக கேட் முன்னால் உட்கார்ந்த மனுஷன். இருவரும் நான் வேண்டுமென்றே அடுத்தவருக்கு ஆதரவாகப் பூட்டியதாக இத்தனை நாள் நம்பியிருந்தார்கள். அந்த விஷயத்திலும் இப்போது ஒன்றாகிவிட்டார்கள்.

தான்யாதான் நிறுத்தினாள். "பெரீம்மா, அது திரும்ப வருமா?"

வரும். நம் கலைக்களஞ்சியத்தில் எதுவும் அழிவதில்லை, பக்க வரலாற்றில் அப்படியே இருக்கும். ஃபோனை எடுத்தேன். அவசரத்தில் கடவுச்சொல் மூன்று தடவை தப்பாயிற்று. பொன்னுசாமி என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். ராமலிங்கம், "பதறாதீங்க, நல்ல நேரம் இன்னும் ஆறு நிமிசம் இருக்குது" என்றார். பத்தியை மீட்டேன். என்னுடைய நடுநிலை வாக்கியத்தை எடுத்தேன். காரணக் கட்டத்தில் "என் தவறு" என்று மட்டும் எழுதினேன்.

தான்யா அதை வாய்விட்டுப் படித்தாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ரொட்டி சுடுகிறவர் ஒருவர். பட்டாளத்திலிருந்து திரும்பிய அண்ணன் தம்பி. தன் மாட்டை ஒப்படைக்க மறுத்த ஒரு விவசாயி. ஒவ்வொருவரும் எந்த ஊர், எப்படி முடிந்தது. அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யாருக்கும் அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அவள் படித்து முடித்தபோது பையனின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்காகவா?" என்றார்.

"கொல்லப்பட்டனர்னே இருக்கட்டும்" என்றார் ராமலிங்கம். "நான் குளிருன்னு எழுதுனத எடுத்துப்போடறேன்."

"மச்சான் பாத்ததா எழுதுனத நானும் எடுத்துப்போடறேனுங்க" என்றார் பொன்னுசாமி. "அவன் அந்தப் பக்கம் போனதே இல்ல. அனைவரும்னு எழுதுனதும் தப்புதான். எத்தன பேருன்னு ஆதாரம் சொல்லுதோ அத்தன பேரு."

மூன்று நிமிஷம் பாக்கி இருக்கும்போது உப்புச் சர்க்கரை மாறியது. தான்யா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். மன்னித்தாளா, எச்சரித்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அதற்குக் கீழே இரண்டு சம்பந்திகளும் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'பாகற்காய் அவசியம் வரவும். குளவி வேண்டாம்.'

இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒருவர் ஒன்றைப் பதிவேற்றுமுன் மற்றவருக்கு ஃபோன் செய்து, "சம்பந்தி, ஆதாரம் எத்தன அடியில?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். நான் அந்த வாரமே நிர்வாகி பொறுப்பை விட்டேன். விலகச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். சார்புள்ளவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், அவர்கள் சத்தம் போடுவார்கள். நண்பர் வடை சாப்பிடவில்லையே என்பதும், எனக்குத் தலைவலியாக இருக்கிறதே என்பதும்கூடச் சார்புதான். அதற்குச் சத்தம் கிடையாது. இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்பதற்காக நடுவில் ஒரு கோட்டைப் போட்டு அங்கே போய் உட்காராதீர்கள். சான்று எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். அது ஒருவர் வீட்டு வாசலில் இருந்தால் அந்த வாசலுக்கே போங்கள். அடி விழும். பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. இது உங்கள் எல்லாருக்கும் இல்லை. வாழப்பாடி, கல்லூரி, பூனை இரண்டு. அவள் வேறு பெயரில் உங்களுக்குள் உட்கார்ந்திருக்கலாம். நீ யார் என்று கேட்க மாட்டேன் கண்ணு, விதி எனக்குத் தெரியும். நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நிம்மதியாக இல்லை. உன் பத்தி இருந்த இடத்தில் இருக்கிறது, ஒரு சொல்கூட மாறாமல். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.